போனுக்குப் பூட்டு இலவசம்... சாவி யார் கையில்?

"பையன் ராத்திரி ஒரு மணி வரைக்கும் கேம் ஆடறாண்ணே. காசு கட்டாத ஆப் ஏதாவது இருந்தா போட்டுக் குடுங்களேன்!"

கள்ளக்குறிச்சியிலோ சின்னசேலத்திலோ மொபைல் கடை வைத்திருப்பவருக்கு இப்படிக் கேட்டு வரும் அம்மாக்கள் புதிதல்ல. டெம்பர் கிளாஸ் ஒட்டும் நேரத்துக்குள் ஏதோ ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்துவிடலாம். ஆனால், ஒரே வாரத்தில் பையன் அதை நீக்கியிருப்பான். அல்லது நீக்காமலேயே அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழியைக் கண்டுபிடித்திருப்பான்.

பிளே ஸ்டோரில் 'பேரன்டல் கன்ட்ரோல்' என்று தட்டினால் வரிசையாக வந்து நிற்கின்றன ஆப்கள். எது நல்லது என்று தேடும் முன்பு, பிள்ளை கையில் இருக்கும் போன் யாருடையது என்று பார்த்துவிடுவது நல்லது. வழி அங்கேயே இரண்டாகப் பிரிகிறது.

அம்மாவின் போன் என்றால்...

நம் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைக்கென்று தனி போன் கிடையாது. அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்ததும் அவர்களுடைய போன்தான் கைமாறுகிறது. அதில் ஜி-பே இருக்கிறது, பேங்க் மெசேஜ் வருகிறது, வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். இந்த போனில் கண்காணிப்பு ஆப் போட்டால் கட்டுப்படுவது அம்மாதான்! இங்கே புதிதாக எதையும் இறக்க வேண்டியதில்லை. போனுக்குள் ஏற்கெனவே இருப்பதே போதும்.

முதலில் பிளே ஸ்டோர். உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டு செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரன்டல் கன்ட்ரோல்ஸ் என்று போனால் ஒரு பின் நம்பர் கேட்கும். வயதுக்கு மீறிய ஆப்களை அதன்பிறகு தரவிறக்க முடியாது. ஏற்கெனவே போனில் இருக்கும் ஆப்களை இது தொடாது. அவற்றை நீங்கள்தான் பார்த்து நீக்க வேண்டும். அதே செட்டிங்ஸில், எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படியும் மாற்றிவிடுங்கள். கேமுக்குள் 'டயமண்ட்' வாங்கிப் பணம் போன கதைகளில் பல இந்த ஒரு செட்டிங்கில் நின்றிருக்கும்.

அடுத்து, 'ஆப் பின்னிங்'. பாட வீடியோவைத் திறந்து கொடுத்து, அந்த ஆப்பை மட்டும் திரையில் பூட்டிவிடலாம். வெளியே வர உங்கள் பின் நம்பர் வேண்டும். சாம்சங் போனில் 'சாம்சங் கிட்ஸ்', ஓப்போ, ரியல்மி போன்களில் 'கிட் ஸ்பேஸ்' என்று குழந்தைக்கான தனி அறையே உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூபுக்குப் பதில் 'யூடியூப் கிட்ஸ்' நல்லது. நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்கள் மட்டும் தெரியும்படியும் அதில் வைக்கலாம். சாதாரண யூடியூபில் இருக்கும் 'ரெஸ்ட்ரிக்டட் மோடு'க்குப் பூட்டு கிடையாது. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை அணைக்க ஐந்து விநாடி போதும்.

பிள்ளைக்குத் தனி போன் என்றால்...

ஆண்ட்ராய்டு போனுக்கு முதலில் பார்க்க வேண்டியது கூகுளின் 'ஃபேமிலி லிங்க்'. 2017-ல் வந்தது, முழுக்க இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. பெற்றோர் போனில் ஒரு ஆப். பிள்ளையின் போனில் பிள்ளை பெயரில் ஒரு கூகுள் கணக்கு. தினம் எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணிக்குப் பூட்டு, எந்த ஆப்புக்கு எவ்வளவு நேரம் என்று தீர்மானிக்கலாம். புது ஆப் இறக்க பிள்ளை முயன்றால் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். போன் எங்கே இருக்கிறது என்றும் பார்க்கலாம். ஐபோன் என்றால் அதிலேயே 'ஸ்க்ரீன் டைம்' இருக்கிறது.

ஃபேமிலி லிங்க் பிள்ளையின் வாட்ஸ்அப் மெசேஜைப் படித்துக் காட்டாது. கண்காணிப்பில் இருப்பதைப் பிள்ளையிடம் மறைக்கவும் செய்யாது. சில பெற்றோருக்கு இது குறையாகத் தோன்றும். 'பிள்ளைக்கே தெரியாமல் எல்லாம் பார்க்கலாம்' என்று கூவும் ஆப்களின் பக்கம் அவர்கள் சாய்வது அதனால்தான். அங்கேதான் கவனம் தேவை.

2018-ல் 'டீன்சேஃப்' என்ற அமெரிக்க ஆப்பின் சர்வர் பாஸ்வேர்டு பாதுகாப்பே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. ஆயிரக்கணக்கான கணக்குகளின் விவரங்கள், பிள்ளைகளின் ஆப்பிள் கணக்கு பாஸ்வேர்டு உட்பட, அதில் அப்படியே இருந்தன. பெற்றோர் காசு கட்டி வாங்கிய ஆப் அது! குடும்பத்தினர் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் 'லைஃப்360' ஆப், அந்த இருப்பிட விவரங்களைத் தரகு நிறுவனங்களுக்கு விற்றதை 2021 டிசம்பரில் 'தி மார்க்கப்' என்ற செய்தித் தளம் வெளிக்கொண்டு வந்தது. அதன் பிறகுதான் அந்த நிறுவனம் விற்பனையைக் குறைத்துக்கொள்வதாக அறிவித்தது.

பெயர் தெரிந்த நிறுவனங்களிலேயே இந்த நிலை என்றால், யார் செய்தது என்றே தெரியாத இலவச ஆப்புக்கு 'அக்சஸிபிலிட்டி', எஸ்.எம்.எஸ். அனுமதிகளைக் கொடுப்பது வீட்டுச் சாவியை வழிப்போக்கனிடம் கொடுப்பதுதான். அக்சஸிபிலிட்டி அனுமதி பெற்ற ஆப்பால் திரையில் தெரிவதைப் படிக்க முடியும். 'குவஸ்டோடியோ', 'கேஸ்பர்ஸ்கி சேஃப் கிட்ஸ்' போன்ற பழைய நிறுவனங்களின் ஆப்களுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. ஆனால், வசதிகளைக் கத்தரித்துத்தான் தருவார்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய 'ஏ.பி.கே.' கோப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், பி.எம். கிசான் என்ற பெயர்களில் வந்து பேங்க் கணக்கைக் காலி செய்வது இதே வழியில்தான்.

சிக்னல் இல்லாத மலையில்...

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு வெள்ளிமலை நோக்கி ஏறினால் கதை வேறு. கல்வராயன் மலையில் பல கிராமங்களில் சிக்னல் இன்னும் சீராக இல்லை. வேலைக்காகக் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் போகும் பெற்றோர், பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்கிறார்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் பிள்ளை லீவுக்கு வீடு வந்தால், அம்மா அப்பாவோடு பேசவென்று வாங்கி வைத்த போன் நாள் முழுக்க அதன் கையில்தான். பாட்டிக்கு அந்த போனில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் மட்டுமே தெரியும்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு, தூரத்தில் இருந்தே இயக்கக்கூடிய ஃபேமிலி லிங்க் உண்மையில் கைகொடுக்கும். ஆனால், நெட் இல்லாத நேரத்தில் அப்பா அங்கிருந்து மாற்றும் எந்த செட்டிங்கும் மலைக்கு வந்து சேராது. போன் மறுபடி நெட்டில் இணையும்போதுதான் சேரும். இருப்பிடம் காட்டுவதும் அப்படியே. ஆகவே ஊருக்குக் கிளம்பும் முன்பே, நல்ல சிக்னல் இருக்கும் இடத்தில் எல்லாவற்றையும் வைத்துவிட வேண்டும். போன் பூட்டிக்கொண்டாலும் வருகிற அழைப்பைப் பிள்ளை எடுக்கலாம், அவசர அழைப்பும் செய்யலாம். ஆத்திர அவசரத்துக்குத் திறந்தே ஆக வேண்டும் என்றால் பெற்றோரின் ஆப்பில் 'பேரன்ட் ஆக்சஸ் கோட்' என்று ஓர் எண் இருக்கும். அப்பா அதைச் சாதாரண போன் காலில் சொன்னால் போதும், மலையில் நெட் இல்லாமலே பூட்டு திறக்கும். அந்த எண் மாறிக்கொண்டே இருப்பதால், பிள்ளை மனப்பாடம் செய்து வைத்தாலும் பயனில்லை.

முதலில் அந்த ஜிமெயில்!

இத்தனையும் சரியாக நடக்க ஒரே ஒரு விஷயம் வேண்டும். பெற்றோருக்குத் தங்கள் ஜிமெயில் கணக்கின் பாஸ்வேர்டு தெரிந்திருக்க வேண்டும். இதில்தான் பல வீடுகள் சறுக்குகின்றன. போன் வாங்கிய அன்று கடைக்காரத் தம்பியே ஒரு கணக்கைத் தொடங்கி, தனக்குத் தோன்றிய பாஸ்வேர்டைப் போட்டிருப்பார். அல்லது வீட்டில் 'விவரம் தெரிந்த' பிள்ளையே போட்டிருக்கும். எவனைக் கட்டுப்படுத்த ஆப் தேடுகிறோமோ, அவனிடமே சாவி!

பிள்ளையின் கணக்கில் பிறந்த ஆண்டு என்னவென்றும் பாருங்கள். கடையில் அவசரத்துக்கு 1990 என்று போட்டிருந்தால், கூகுளின் கண்ணுக்கு உங்கள் ஏழாம் வகுப்புப் பையன் முப்பது தாண்டிய ஆள். ஃபேமிலி லிங்கில் சேர்க்கவே முடியாது. சரியான பிறந்த தேதியோடு புதுக் கணக்கு தொடங்கிவிடுவது சுலபம். 13 வயது நிறையும்போது கணக்கின் விதிகள் மாறும். அதை முன்கூட்டியே கூகுள் மின்னஞ்சலில் சொல்லும், யாரும் திறக்காத அதே ஜிமெயிலுக்கு.

பெரிய பிள்ளைகளின் இன்ஸ்டாகிராமுக்குத் தனி ஆப் வேண்டாம். 'டீன் அக்கவுன்ட்' 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்துவிட்டது. 16 வயதுக்குக் கீழ் என்றால், அதன் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். அங்கும் உண்மையான வயதைக் கொடுத்திருந்தால்தான் இதெல்லாம். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளில் 18 வயதுக்குக் கீழானவர்களைச் சேர்க்கக் கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடவே கூடாது என்று தமிழ்நாடு அரசு 2025-ல் விதி கொண்டுவந்தது. அப்பாவின் ஆதாரில் பையன் ஆடியிருந்தால் அந்த விதிக்கு அது தெரிந்திருக்காது.

போனில் யாராவது மிரட்டினாலோ பணம் போனாலோ 1930-க்குக் கூப்பிடலாம். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. இரண்டு எண்களையும் போனில் பதிந்துவிட்டு, பாட்டியின் கண்ணில் படும்படி சுவரில் பெரிதாக எழுதியும் வையுங்கள். லீவு முடிந்து பிள்ளை விடுதிக்குத் திரும்பியதும் அந்த போனைத் தம்பிக்குக் கொடுப்பதாகவோ விற்பதாகவோ இருந்தால், முதலில் பிள்ளையின் கணக்கை அதிலிருந்து நீக்க வேண்டும். அதற்கும் கேட்கப்போவது பெற்றோரின் பாஸ்வேர்டைத்தான்.