புகை எங்கே போகும்?

இங்கிலாந்தின் தெற்கே, ஹாம்ப்ஷயரின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே பட்ஸர் பழங்காலப் பண்ணை இருக்கிறது. கண்ணாடிப் பேழைக்குள் பூட்டிய பானைகளைப் பார்த்துவிட்டு நகரும் இடமல்ல. 2300 ஆண்டுகளுக்கு முன் அந்த மண்ணில் உழுது வாழ்ந்த இரும்புக்காலக் குடியானவர்களின் வட்ட வீடுகளை மரம், மண், வைக்கோல் கொண்டு முழு அளவில் எழுப்பியிருக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையை அழைத்துப் போனால், வாசலில் குனிந்து உள்ளே நுழைந்து கண் இருட்டுக்குப் பழகியதும் அது கேட்பது பெரும்பாலும் இதுதான்: "இந்த வீட்டில் ஜன்னலும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. அடுப்புப் புகை எங்கே போகும்?"

தொல்லியலாளர்களும் இதே கேள்வியில் தடுமாறியவர்கள்தான். கூரை உச்சியில் ஒரு துளை இருந்திருக்க வேண்டும் என்றே பழைய ஓவியங்களில் வரைந்தார்கள். பட்ஸரின் முதல் இயக்குநர் பீட்டர் ரெனால்ட்ஸ், லத்தீன் ஆசிரியராக இருந்து தொல்லியலுக்கு வந்தவர். வரைந்து பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டிப் பார்த்தார். உச்சியில் துளை போட்டால் அது காற்றை இழுக்கும். காற்று இழுத்தால் தீ நாக்கை நீட்டும், பொறி எழும்பிக் காய்ந்த வைக்கோலில் ஒட்டும். துளையே இல்லாத கூம்புக் கூரைக்குள் புகை மேலே போய்த் தேங்குகிறது. அந்தப் புகைப் படலத்தில் புகுந்த பொறி உயரப் போவதற்குள் அணைந்துவிடுகிறது. பிறகு புகை வைக்கோல் இடுக்குகள் வழியே மெல்லக் கசிந்து வெளியேறுகிறது. போகிற போக்கில் கூரைப் பூச்சிகளை விரட்டும், மேலே தொங்கவிட்ட இறைச்சியைப் பதப்படுத்தும். வெளியே நின்று பார்த்தால் கூரை முழுவதும் ஆவி விடுவதுபோல் தெரியும்.

புகைப் படலம் பெரியவர்கள் நிற்கும் தலை உயரத்துக்கு மேலேதான் தொடங்கும் என்று சொல்ல முடியாது. ஈர விறகு போட்ட நாளில் நிற்பவருக்குக் கண் எரியும், இருமல் வரும். தரையில் உட்கார்ந்தவருக்குக் காற்று தெளிவாக இருக்கும். அதாவது இந்த வீட்டின் சரியான உயரம் குழந்தையின் உயரம். பிள்ளையோடு போகிறவர்கள் நின்றபடி விளக்கம் படிக்காமல் அடுப்பருகே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். அந்த வீட்டில் வாழ்ந்தவர்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்திருப்பார்கள். ஆனாலும் அவர்களின் நுரையீரல் கரி படிந்தே இருந்திருக்கும். அந்த வாழ்க்கையை இனிப்புப் பூசிக் காட்டக் கூடாது.

அகழாய்வில் கூரை கிடைப்பதில்லை, சுவரும் கிடைப்பதில்லை. கிடைப்பது மண்ணில் கறுப்பாகத் தெரியும் வட்டங்கள், அதாவது தூண் நட்ட குழிகள். தரைக்கு மேலே உள்ள எல்லாமே ஊகம். அந்த ஊகத்தைச் சோதிக்க மழையும் காற்றும் போதும். கூரைச் சரிவு 45 பாகையை ஒட்டி இருக்க வேண்டும். தாழ்ந்தால் நீர் உள்ளே இறங்கி வைக்கோல் அழுகும், மிகவும் செங்குத்தானால் வைக்கோல் சரியும். டார்செட்டில் பிம்பர்ன் என்ற ஊரில் தோண்டியெடுத்த தூண்குழிகளின் அளவை அப்படியே எடுத்து, 1976-இல் ஏறத்தாழ 13 மீட்டர் குறுக்களவில் ஒரு வீடு கட்டினார்கள். ஒரு வீட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட மரங்கள் வேண்டியிருந்தன. எத்தனை பேரின் உழைப்பு, எவ்வளவு பெரிய காடு, எத்தனை ஆண்டு முன்யோசனை என்பது அப்போதுதான் உறைத்தது. குடிசைவாசிகள் என்று அலட்சியமாக எழுதி வந்த மனிதர்கள் உண்மையில் தேர்ந்த தச்சர்கள்.

1990-இல் அந்த வீட்டைப் பிரித்தபோது தூண்களின் அடிப்பகுதி மண்ணுக்குள் மக்கிப்போயிருந்தது. வீடு மட்டும் அசையாமல் நின்றிருந்தது. தூண்களின் தலையில் வளையம்போல் பிணைத்த மரங்களும் அவற்றின் மேல் சாய்ந்த கைமரங்களும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ள, கூரையின் கனமே கட்டடத்தை அழுத்திப் பிடித்து வைத்திருந்தது. தூண் அடி மக்கினால் வீடு விழும், ஆகவே இத்தனை ஆண்டுதான் ஆயுள் என்ற பழைய கணக்கு இதோடு ஆட்டம் கண்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. அடி மக்கிய குழிக்குள் மேலிருந்து எது வேண்டுமானாலும் விழலாம். அதை வைத்து வீடு கட்டிய காலத்தைச் சொன்னால் கணக்கு தப்பும்.

எனக்கு எல்லாவற்றையும்விட வியப்பு தானியக் குழிதான். தென் இங்கிலாந்து முழுவதும் இரும்புக்காலக் குடியிருப்புகளில், வாய் குறுகி அடி அகன்று, ஆள் ஆழத்துக்குச் சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய குழிகள் உண்டு. டேன்பரி என்ற மலைக்கோட்டையில் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மனிதர்கள் இவற்றுக்குள் குடியிருந்தார்கள் என்று நெடுநாள் நம்பினார்கள். நாஜி ஆட்சியில் பதவி பறிபோன ஜெர்மானியத் தொல்லியலாளர் கெர்ஹார்ட் பெர்சு, 1938-39-இல் சாலிஸ்பரி அருகே லிட்டில் வுட்பரியில் தோண்டி, வாழ்ந்தது வட்ட வீட்டில், குழி தானியத்துக்கு என்று காட்டினார். அப்போதும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. ஓயாமல் மழை பெய்யும் நாட்டில் ஈரப் பாறைக்குள் கொட்டிய தானியம் பூசணம் பிடிக்காதா?

ரெனால்ட்ஸ் கொட்டிப் பார்த்தார். வாயைக் களிமண்ணால் மூடி, மேலே மண் போட்டுக் குளிர்காலம் முழுவதும் விட்டுவைத்தார். உள்ளே நடப்பது அழகான வேதியியல். விதை என்பது உயிர், மூச்சு விடும் பொருள். சுவரை ஒட்டிய மணிகள் ஈரத்தை உறிஞ்சி முளைவிடுகின்றன. முளைக்கும்போது குழிக்குள் இருக்கும் ஆக்சிஜனைத் தின்று கார்பன் டை ஆக்சைடை வெளியிடுகின்றன. மூடிய குழியில் அந்த வாயு ஏற ஏற, புழுவும் பூஞ்சையும் முடங்குகின்றன. முளைவிட்ட மணிகளும் அதே காற்றில் மூச்சுமுட்டி இறந்து, சுவரோரம் மெல்லிய தோலாகக் காய்கின்றன. நடுவில் உள்ள தானியம் உறங்குகிறது. வசந்தத்தில் திறந்தபோது அது விதைத்தால் முளைக்கும் நிலையில் இருந்தது. ஓரத்துக் கொஞ்ச மணிகள் போக மீதியெல்லாம் பிழைத்தது. மண்ணின் குளிர்ச்சியும் சேர்ந்தால்தான் இது நடக்கும்.

இதில் ஒரு கட்டாயமும் ஒளிந்திருக்கிறது. ஒருமுறை திறந்தால் காற்று புகுந்துவிடும், குழியை முழுவதும் காலி செய்தாக வேண்டும். அன்றாடச் சமையலுக்கு நம்மூர்க் குதிரில் அள்ளுவதுபோல் இதில் அள்ள முடியாது. ஆகவே இந்தக் குழிகளில் இருந்தது விதை நெல்லைப் போல அடுத்த ஆண்டுக்கான விதைத் தானியமாகவோ, மொத்தமாகக் கைமாறும் சரக்காகவோ இருந்திருக்க வேண்டும். ஒரு வாயுவின் நடத்தையிலிருந்து ஒரு சமூகத்தின் பொருளாதாரத்தைப் படிக்க முடிகிறது.

பட்ஸரின் வயலில் எம்மர், ஸ்பெல்ட் என்ற பழைய கோதுமை வகைகள் நிற்கும். நாம் சம்பா கோதுமை என்று ரவையாக உடைத்துச் சமைப்பது எம்மர் இனத்தைச் சேர்ந்ததுதான். சோவே என்ற செம்மறி ஆடுகளையும் அங்கே வளர்த்திருக்கிறார்கள். கோடை தொடங்கும்போது அவற்றின் ரோமம் தானே கழல்வதால் கத்தரி இல்லாமல் கையாலேயே பிடுங்கலாம். பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம் படல் சுவருக்கு மண் அப்புவது. களிமண், வைக்கோல், சாணி மூன்றையும் காலால் மிதித்துக் குழைக்க வேண்டும். வைக்கோல் குறைந்தால் காயும்போது வெடிக்கும். இதை எந்தப் பாடப்புத்தகமும் காலுக்குச் சொல்லித் தராது.

டென்மார்க்கின் லேயர் பூங்காவில் இதே வேலை 1964 முதல் நடக்கிறது. அங்கே கோடையில் குடும்பங்கள் பிள்ளைகுட்டியோடு வந்து இரும்புக்கால வீடுகளில் தங்கிச் சமைத்து உண்டு வாழ்கின்றன. 1967-இல் ஒரு வீட்டை வேண்டுமென்றே எரித்தார்கள். தீ மண்ணில் எதை விட்டுவைக்கிறது என்று தெரிந்தால், பழைய சாம்பலைப் படிக்க எளிது.

தீராத கேள்விகளும் பல உண்டு. பிரிட்டனின் இரும்புக்கால வட்ட வீடுகளில் பெரும்பாலானவை கிழக்கு அல்லது தென்கிழக்கு பார்த்தவை. காலை வெளிச்சம் அடுப்படி வரை வரட்டும் என்றா, மேற்கிலிருந்து அடிக்கும் மழைக்காற்றுக்கு முதுகு காட்டவா, உதிக்கும் சூரியனிடம் அவர்களுக்கு இருந்த பக்தியா? ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். பிள்ளையின் கையில் ஒரு திசைகாட்டியைக் கொடுத்து ஒவ்வொரு வாசலிலும் நிறுத்துங்கள். வெயில் எதுவரை விழுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். ஆய்வாளர்கள் செய்வதும் அதைத்தான்.