உங்களுக்குத் தெரியுமா? அம்மை இறங்கினாலும் கிருமி போவதில்லை!

சின்ன வயதில் வந்த சின்னம்மை, தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு முடிந்துபோவதில்லை. கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்த பிறகும், அந்த வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது விழித்துக்கொள்ளும். அதுதான் அக்கி!

• முதலில் எரிச்சல், சுருக் சுருக்கென்று குத்தல். சில நாட்களில் அதே இடத்தில் சிவந்து, கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள் கிளம்பும்.

• நரம்பு போகும் வழியிலேயே வருவதால், பெரும்பாலும் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டை போட்டதுபோல் இருக்கும்.

• அக்கி இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது. ஆனால், கொப்புள நீர் பட்டால், அம்மையும் வராத, தடுப்பூசியும் போடாதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் விலகியிருப்பது நல்லது.

• காவிமண் குழைத்து ‘அக்கி எழுதும்’ வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அது வைரஸை அடக்காது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவதே சிறந்தது.

• கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்!