உங்களுக்குத் தெரியுமா? கையால் எறிந்த வேட்டைப் பறவை

பெரணமல்லூர் பக்கம் வயல்வெளியில் மைனாக்கள் கூச்சலிட்டுச் சிதறினால், அருகே வைரி இருக்கக்கூடும். ஷிக்ரா என்பதும் இதுதான். புறா அளவே இருக்கும்; சாம்பல் முதுகு, சிவந்த கண். சீக்கிரம் பழகும் என்பதால் காடை, கௌதாரி பிடிக்க இந்திய வேட்டைக்காரர்கள் இதை விரும்பி வளர்த்தார்கள். முறுக்கிய மெல்லிய பட்டுக் கயிற்றைக் கழுத்தில் மாட்டி, உள்ளங்கையில் ஏந்தி, இரை கிளம்பியதும் ஈட்டிபோல் எறிவார்கள்.

வைரி பருந்தினத்தோடு நெருங்கியது; வல்லூறு அல்ல. உண்மையான வல்லூறு, பாறை முகடுகளில் கூடு கட்டும் ஷாஹீன். ஷாஹீனை எறிய மாட்டார்கள். சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த டி.சி.ஜெர்டன் இதன் பயிற்சியை எழுதிவைத்திருக்கிறார்: வேட்டைக்காரரின் தலைக்கு மேல் உயரத்தில் வட்டமடித்துக் காத்திருக்கும், புதரிலிருந்து இரையைக் கிளப்பியதும் செங்குத்தாகப் பாயும். ஷாஹீன், பொரி வல்லூற்றின் உள்ளினம். பொரி வல்லூறு பாயும் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். ஆணைவிடப் பெண்ணே பெரியது; வேட்டைக்கு மவுசும் அதற்கே.

இப்படிப் பறவைகளைக் கொண்டு வேட்டையாடுவதை 2021இல் பாகிஸ்தான் உட்பட 24 நாடுகளின் மரபாக யுனெஸ்கோ பட்டியலிட்டது. அதில் இந்தியா இல்லை. இங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளைப் பிடிப்பதே குற்றம்.