தண்ணி தெளிவாத்தான் இருக்கு... ஆனா புது மீன் மட்டும் ஏன் சாகுது? நைட்ரேட்டைக் குறைப்பது எப்படி?

தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பழைய மீன்கள் நன்றாகவே நீந்தும். ஆனால் புதிதாக வாங்கி விட்ட மீன் மட்டும் இரண்டே நாளில் செத்து மிதக்கும். கடைக்காரர் ஏமாத்திட்டார்னு நினைக்கிறதுக்கு முன்னாடி, தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு இருக்குன்னு பாருங்க!

நைட்ரேட் எங்கிருந்து வருது?

மீனின் கழிவும் மிச்சமான தீனியும் முதலில் அம்மோனியாவாக மாறும். ஃபில்டரில் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் கொடிய விஷம். நைட்ரேட் அந்த அளவுக்கு ஆபத்தில்லை. ஆனால் தானாகப் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும். பழைய மீன்கள் மெல்லப் பழகிவிடும். புது மீன் தாங்காது.

கொடைக்கானல் ஏரியிலும் இதே கதை

1863-ல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியில் களைச்செடிகள் மண்டுவது பழைய பிரச்னை. கழிவுநீரில் வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் களைக்கு உரம். வீட்டுத் தொட்டியில் பச்சைப் பாசி பிடிப்பதும் இப்படித்தான்.

எவ்வளவு இருக்கலாம்?

லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. 40-ஐத் தாண்டினால் கவனம் தேவை. அலங்கார மீன் கடைகளில் கிடைக்கும் டெஸ்ட் கிட்டில் வீட்டிலேயே பார்க்கலாம்.

என்ன செய்யணும்?

* வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். 80 இருந்தால் 60 ஆகும். ஒரேயடியாக முழுத் தண்ணீரையும் மாற்றாதீர்கள்.
* ஊற்றும் தண்ணீரையும் சோதியுங்கள். பழனி போன்ற விவசாயப் பகுதிகளில் உரம் இறங்கிய போர் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கலாம். அதில் 40 இருந்தால், 80 என்பது 70-க்குத்தான் இறங்கும். கொதிக்க வைத்தாலும் போகாது. ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்கலாம்.
* இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி போடுங்கள்.
* ஃபில்டர் ஸ்பான்ஜைக் குழாயில் கழுவாதீர்கள். குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள்.
* மணி பிளான்ட்டின் வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி வையுங்கள். நைட்ரேட்டை உறிஞ்சும்.

மலையில் இருப்பவர்கள் கவனத்துக்கு

குளிரில் பாக்டீரியா மெதுவாகத்தான் வேலை செய்யும். கொடைக்கானலில் ஹீட்டர் அவசியம். ஊற்றும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

வளர்க்க முடியலைன்னு மீனையும் செடியையும் ஏரியில் மட்டும் விட்டுடாதீங்க. அங்கே ஏற்கெனவே இருக்கும் களையே போதும்!