30 யூரோவுக்குப் பதிவான பள்ளிவாசல்

"சேர், அந்தப் பள்ளி இப்ப யார்ட கையில?"

குர்துபாவைப் படிப்பிக்கும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்பார். நமது பாடங்களில் அந்த நகரம் 1236உடன் முடிந்துவிடுகிறது. உண்மையில் தென் ஸ்பெயினில், குவாடல்கிவிர் ஆற்றங்கரையில், 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். (அந்த ஆற்றின் பெயரே 'வாதில் கபீர்' என்ற அரபுச் சொல்தான்.) நகைத் தொழில், ஒலிவ் எண்ணெய், சுற்றுலா ஆகியவை அவர்களுக்குச் சோறு போடுகின்றன.

சுற்றுலாவின் மையம் அந்தப் பள்ளிவாசல். முதலாம் அப்துர் ரஹ்மான் 785 அளவில் அதைத் தொடங்கினார். பின்வந்த இருநூறு ஆண்டுகளில் மூன்று முறை விரிவாக்கினார்கள். கடைசியாக விரித்த அல்மன்சூருக்குத் தெற்கே ஆறும் மேற்கே அரண்மனையும் இருந்ததால் கிழக்குப் பக்கம் மட்டுமே மிச்சம். அதனால்தான் மிஹ்ராப் இன்று கட்டடத்தின் நடுவில் இல்லை.

1236இல் மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ நகரைக் கைப்பற்றியதும் அது தேவாலயமானது. 1523இல் நடுப்பகுதியை இடித்துப் பெரிய ஆலயமொன்றை எழுப்பத் திருச்சபை முனைந்தபோது, எதிர்த்து நின்றது கிறிஸ்தவர்களைக் கொண்ட மாநகர சபை! இடிக்கக் கை வைக்கும் தொழிலாளிக்கு மரண தண்டனை என்று அறிவித்தது. பேரரசர் ஐந்தாம் சார்ள்ஸ் திருச்சபையின் பக்கம் தீர்ப்பளித்தார். இந்தப் பகுதியைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

அந்த வழக்கு இன்றும் முடியவில்லை. உறுதிப் பத்திரம் இல்லாமலேயே, ஆயரின் சான்றிதழை மட்டும் காட்டித் திருச்சபை சொத்துகளைத் தன் பெயரில் பதிய ஸ்பெயினில் ஒரு சட்டம் இடம் தந்தது. 1998இல் வழிபாட்டுத் தலங்களையும் அதில் சேர்த்தார்கள். 2006இல் குர்துபா மறைமாவட்டம் சுமார் 30 யூரோ கட்டணத்தில் முழுக் கட்டடத்தையும் பதிந்துகொண்டது. 2015இல் அந்த வசதி ரத்தானது, பதிவு ரத்தாகவில்லை. யுனெஸ்கோவின் முன்னாள் பணிப்பாளர் நாயகம் பெடரிக்கோ மாயோரும் அங்கம் வகித்த, மாநகர சபை அமைத்த நிபுணர் குழு, திருச்சபை சட்டப்படி உரிமையாளர் அல்ல என்று 2018இல் கூறியது. பள்ளிவாசல் எழும்பிய இடத்தில் முன்பு தேவாலயம் இருந்தது, எட்டு நூற்றாண்டுகளாகப் பராமரித்ததும் நாங்களே என்பது திருச்சபையின் வாதம். அதிலும் நியாயம் உண்டு. செவில் நகரின் பெரிய பள்ளிவாசலில் மினாராவும் முற்றமும் போக மற்றதெல்லாம் இடிபட்டுவிட்டது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் பேர் தரும் நுழைவுக் கட்டணம் பேராலய நிர்வாகத்துக்கே போகிறது. சில காலம் வழிகாட்டிப் பிரசுரங்களில் 'பள்ளிவாசல்' என்ற சொல்லே மங்கிப்போனது. நகரவாசிகள் இலட்சக்கணக்கான கையொப்பங்களைத் திரட்டினார்கள். 2016இல் சொல் திரும்பி வந்தது. இத்தனைக்கும் அங்கே முஸ்லிம்கள் மிகச் சிறுபான்மை.

அதே மக்களுக்கு இப்போது வேறொரு கவலை. கோடை வெயிலுக்குத் தப்ப, வீட்டு நடுவே பூஞ்சாடிகள் தொங்கும் முற்றம் வைப்பது அவர்கள் வழக்கம். மே மாதம் நடக்கும் முற்றப் போட்டிக்கு 2012இல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் பழைய நகரின் வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலா விடுதிகளாகின்றன. செடிக்குத் தண்ணீர் ஊற்றக் குடும்பம் இல்லாத முற்றம் எத்தனை நாளைக்கு?

மாணவரின் கேள்விக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: பதிவு திருச்சபையின் பெயரில். அங்கே பூசை நடக்கிறது. முஸ்லிம்கள் சீட்டு வாங்கி உள்ளே போகலாம், கம்பித் தடுப்புக்கு இப்பால் நின்று மிஹ்ராபைப் பார்க்கலாம். தொழ அனுமதி இல்லை.