சுஸுகி: ஒரு குடும்பப் பெயரின் கதை

ஓசூரிலிருந்து 1984-இல் வெளிவந்த இன்ட்-சுஸுகி பைக்கை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குர்கானில் தொடங்கிய மாருதி சுஸுகி காரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் சுஸுகி என்பது கம்பெனிக்காக வைத்த பெயரன்று, குடும்பப் பெயர். ஜப்பானில் ஏறத்தாழ 18 லட்சம் பேருக்கு இப்பெயர் உண்டு. எண்ணிக்கையில் சாதோ என்ற பெயருக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இதை 'மணி', 'மரம்' என்னும் இரண்டு எழுத்துக்குறிகளால் எழுதுகிறார்கள். உடனே மணி கட்டிய மரம் என்று பொருள் சொல்லக் கிளம்பிவிடக் கூடாது. சொல் முந்தியது, எழுத்து பிந்தியது. ஓசைக்காக ஒட்டவைத்த குறிகள் அவை. அறிஞர்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம் வேறு. கியி தீபகற்பத்தின் தென்பகுதியான குமானோவில், அறுத்த நெற்கதிரை வயலில் குவித்த போருக்கு இந்தப் பெயர் வழங்கியதாம். போரின் நடுவே நட்ட கம்பின் வழியாக நெல்லின் தெய்வம் இறங்கும் என்பது நம்பிக்கை. நம்ம ஊர்க் களத்துமேடு நினைவுக்கு வருகிறதல்லவா? ஹோசுமி என்ற பழைய குலத்திலிருந்து பிரிந்தவர்களே சுஸுகிகள். ஹோசுமி என்றாலும் கதிர்க்குவியல்தான்! தாய்க்குலத்தின் பெயரையே உள்ளூர்ப் பேச்சில் சொல்லிக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூத்த கிளை, இன்றைய வகயாமா மாகாணத்தில் ஃபுஜிஷிரோ கோயிலையொட்டிக் குடியிருந்தது. காசி, கயாவில் பண்டாக்களைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அந்த மாதிரிப் பணிதான் இவர்களுக்கும். குமானோ யாத்திரிகர்களுக்கு வழிகாட்டுவார்கள். ஊர் ஊராகப் போய்க் கிளைக்கோயில் எழுப்புவார்கள். ஜப்பானில் குமானோ கோயில்கள் சுமார் 3,000 என்கிறார்கள். கோயில் போன இடமெல்லாம் பெயரும் போயிற்று. மிகாவாவில் குடியேறிய கிளை தொகுகாவா பிரபுக்களிடம் சேவகம் செய்தது. 1590-இல் தொகுகாவா இயேயாசு எதோவுக்கு, அதாவது இன்றைய தோக்கியோவுக்கு மாறியபோது மிகாவா வீரர்களும் கூடவே போனார்கள். இன்று ஷிசுவோகா, அய்ச்சி, தோக்கியோ என்று கிழக்கே போனால் சுஸுகிகள் நிறையவே உண்டு. பிறந்த மண்ணான வகயாமாவிலோ முதலிடம் யமமோத்தோவுக்கு!

அத்தனை பேரும் ஒரே ரத்தமா என்றால், இல்லை. சாமானியர்கள் குடும்பப் பெயரை வெளிப்படையாக வழங்க 1870-இல்தான் அனுமதி கிடைத்தது; 1875-இல் அதுவே கட்டாயமாயிற்று. தெரிந்த பெயரை, ஊரில் மதிப்புள்ள பெயரைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். ஃபுஜிஷிரோ மூலவீட்டின் வம்சம் போன நூற்றாண்டில் அற்றுப்போயிற்று. பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கம்பெனியின் கதையும் இப்படித்தான். சுஸுகி மிச்சியோ 1909-இல் ஹமமாட்சுவில் தறி செய்யும் பட்டறை தொடங்கினார். மாருதியை நமக்குத் தந்த ஒசாமு பிறப்பால் சுஸுகி அல்லர், மட்சுதா. மிச்சியோவின் பேத்தியை மணந்து, மாமனார் வீட்டுப் பெயரை ஏற்றவர். அந்த மாமனாரும் அப்படி வந்த மருமகன்தான்! வீட்டோடு மாப்பிள்ளை என்றால் நம்மிடம் கேலி. அங்கே அவரே வாரிசு. ஒசாமு 2024 டிசம்பரில் காலமானார். 2025-இல் நம் அரசு பத்ம விபூஷண் வழங்கியது.

ஆனால் இப்படிப் பெயர் மாற்றும் ஆண்கள் சொற்பம். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். யாருடைய பெயர் என்று சட்டம் சொல்வதில்லை. இருந்தும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீடுகளில் பெண்தான் தன் பெயரை விடுகிறாள். இதை எதிர்த்து வழக்குகள் நடந்தன. 2015-இலும் 2021-இலும் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுக்கொண்டு, வடக்கே வந்து 'சர்நேம்' கட்டத்தில் எதை எழுதுவதென்று முழிக்கும் நமக்கு இந்தச் சங்கடம் கொஞ்சம் புரியும்.

ஒரு சுஸுகி இன்னொரு சுஸுகியைக் கட்டிக்கொண்டால் மட்டும் தொல்லையில்லை. ஒரே பெயர் என்பதற்காக அங்கே யாரும் பங்காளி முறை பார்ப்பதில்லை.