விறகு அடுப்பு வாங்கப் போறீங்களா... புகை குறையணும், நேரமும் தாங்கணும்னா இதைக் கொஞ்சம் கவனிங்க!

வேலூரை 'வெயிலூர்' என்று கிண்டல் செய்பவர்கள், மார்கழியில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு சொம்பு பச்சைத்தண்ணியைத் தலையில் ஊற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை. மே மாதம் வறுத்தெடுக்கிற அதே ஊரில் டிசம்பர், ஜனவரியில் பனி இறங்கி நடுங்க வைக்கும். ஷூ கம்பெனி வேன் வருவதற்குள் நாலு பேர் குளித்து, டிபன் கட்டி, கிளம்பியாக வேண்டும். அதனால்தான் சமையலறையில் காஸ் அடுப்பு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும், வீட்டுக்குப் பின்னாடி வெந்நீர் அடுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

குளிர் நாடுகளில் விறகு அடுப்பு என்றால் அறையைச் சூடாக்க. நமக்கு அந்தத் தேவை கிடையாது. நமக்கு வெந்நீர், கூட்டம் வந்தால் பெரிய சமையல், விசேஷம் என்றால் பிரியாணி தம். ஆனால் கேள்வி ஒன்றுதான்: குறைந்த விறகில், குறைந்த புகையில், ரொம்ப நேரம் எரிகிற அடுப்பு எது?

புகை என்றால் எரியாமல் போன விறகு

முதலில் ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும். விறகு நேரடியாக எரிவதில்லை. சூடு பட்டதும் காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாக வெளியே வருகிறது. நாம் பார்க்கும் மஞ்சள் தீ, அந்த வாயு எரிவதுதான். மிச்சம் இருப்பது கரி. அது தணலாக நின்று எரியும். வாயுவுக்குப் போதுமான சூடும் காற்றும் கிடைக்காவிட்டால் எரியாமல் தப்பித்துப் போகும். அதுக்குப் பேர்தான் புகை. ஆக, கண்ணைக் கரிக்கும் அந்தப் புகையில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விறகும் சேர்ந்தே போகிறது.

மூணு கல் அடுப்பில் இது அதிகம் நடக்கும். நாலு பக்கமும் குளிர்ந்த காற்று அடித்து தீயைத் தணிக்கிறது, பாத்திரத்தின் அடியில் தீ முட்டியதும் அணைந்து புகையாகிறது. விறகில் இருக்கும் சூட்டில் பத்தில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அதை வைத்து ஒரு வீட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியில் இருந்து 43 டிகிரிக்குக் கொண்டுவரக் கிட்டத்தட்ட 1.25 மெகாஜூல் சூடு வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 16 மெகாஜூல் இருக்கிறது. மூணு கல் அடுப்பென்றால் வாளிக்கு முக்கால் கிலோவுக்கு மேல் விறகு போகும். 25 சதவிகிதத் திறன் உள்ள அடுப்பில் அதே வாளிக்கு 300 கிராம் சொச்சம் போதும். நாலு பேர் வீட்டில் நாளைக்கு 3 கிலோ எங்கே, ஒண்ணேகால் கிலோ எங்கே? மாசத்துக்கு 50 கிலோவுக்கு மேல் மிச்சம். காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இது பணம். பாலாற்றங்கரையில் வேலிக்காத்தான் வெட்டித் தலையில் சுமந்து வருகிறவர்களுக்கு இது கழுத்து வலி.

'ரொம்ப நேரம் எரியும்' என்பதில் ஒரு பொறி இருக்கு!

கடைக்காரர் "ஒரு தடவை விறகு வெச்சா ரெண்டு மணி நேரம் தாங்கும்" என்பார். எப்படித் தாங்குகிறது என்று கேளுங்கள். காற்றை அடைத்துவிட்டால் எந்த அடுப்பும் ரொம்ப நேரம் தாங்கும். ஆனால் அது எரிவதில்லை, கனன்று புகைகிறது. அமெரிக்கா, ஐரோப்பாவில் ராத்திரி முழுக்க சூடு வேண்டும் என்று அடுப்பின் காற்று வழியை அடைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். விளைவு, தெருவெல்லாம் புகை, புகைக்குழாய் முழுக்கத் தார் மாதிரி படிவு, சில நேரம் அந்தப் படிவே தீப்பிடிக்கும். அதனால் 2020 மே முதல் அங்கே விற்கும் புது அடுப்புகள் மணிக்கு 2 கிராமுக்கு மேல் தூசு விடக் கூடாது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சட்டமே போட்டிருக்கிறது. அந்த அளவை எட்ட, விறகிலிருந்து வரும் வாயுவுக்கு மேலே இரண்டாவது தடவை சூடான காற்றைக் கொடுத்து எரிக்கிறார்கள்.

உள்ளூர் அடுப்புகளுக்கும் அதே கதைதான். தீ சின்னதாக, ஆனால் பளிச்சென்று எரிய வேண்டும். நேரம் வேண்டுமென்றால் கனமான விறகு (புளி, வேலம், வேலிக்காத்தான்) போடுங்கள், காற்றை மூடாதீர்கள். முருங்கை மாதிரி லேசான கட்டை குபுகுபுவென்று எரிந்து பத்து நிமிஷத்தில் காலி.

எந்த அடுப்பு யாருக்கு?

ராக்கெட் அடுப்பு இப்போது ஆன்லைனில் நிறைய வருகிறது. 1980-களில் அமெரிக்காவின் லாரி வினியார்ஸ்கி வடிவமைத்தது. ஆங்கில 'எல்' எழுத்து மாதிரி வளைவு. கீழே பக்கவாட்டில் குச்சியை நுழைக்கிறோம், செங்குத்தான குழாயில் தீ ஏறுகிறது. குழாயைச் சுற்றி சூடு வெளியே போகாத மாதிரி பொதிந்திருப்பதால் உள்ளேயே வாயு எரிந்துவிடும். வெந்நீருக்கும் அன்றாடச் சமையலுக்கும் என் ஓட்டு இதற்குத்தான். குறை என்ன? கட்டை விரல் தடிமனுக்கு விறகைப் பிளந்து வைக்க வேண்டும். அடிக்கடி உள்ளே தள்ளிவிட வேண்டும். "போட்டுட்டுப் போய் வேலையைப் பார்க்கலாம்" என்பது இதில் நடக்காது.

போட்டுவிட்டு மறக்க வேண்டும் என்றால் நம்ம ஊரிலேயே ஒரு பழைய ஐட்டம் இருக்கிறது: மரத்தூள் அடுப்பு. தகர டின்னின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் கெட்டியாக இடித்து நிரப்பி, பாட்டிலை உருவிவிட்டால் நடுவில் ஓட்டை. அடியில் இருக்கும் துவாரம் வழியாகப் பற்றவைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும். பாட்டிகளைக் கேளுங்கள், சொல்வார்கள். தூள் ஈரமாக இருந்தால் மட்டும் புகை பிய்த்துவிடும். இதே யோசனையின் நவீன வடிவம்தான் மேலிருந்து பற்றவைக்கும் அடுப்பு. தீ மேலே இருக்கும், விறகு கீழ்நோக்கி எரியும், கிளம்பும் வாயு அந்தத் தீயைத் தாண்டித்தான் வெளியே போக முடியும். கடைசியில் கரி மிஞ்சும்.

ஃபேன் வைத்த அடுப்பு எல்லாவற்றையும்விடச் சுத்தம். சின்ன மோட்டார் காற்றை ஊதித் தீயைக் கலக்குகிறது. ஊதுகுழலின் பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பேட்டரி போனால் அடுப்பும் போச்சு. சர்வீஸ் செய்ய ஆள் உள்ளூரில் இருக்கிறாரா என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

பிரியாணி மாஸ்டர்களுக்கு இதில் எதுவுமே சரிப்படாது. ஆம்பூர் பிரியாணியின் தம்முக்கு வேண்டியது தீ இல்லை, தணல். விறகு எரிந்து முடிந்து, கங்கு ஆனதும் அதை இழுத்து தேக்சாவின் மூடி மேல் பரப்ப வேண்டும். அதற்கு அகலமான பழைய அடுப்புதான் வசதி. வருஷத்துக்கு மூணு விசேஷம் என்றால் திறந்த வெளியில் அப்படியே செய்யலாம். (விறகுப் புகைதான் ருசி என்பவர்களிடம் ஒரு சந்தேகம்: மூடி போட்டு மேலே கங்கும் போட்ட பிறகு உள்ளே எவ்வளவு புகை போகும் ஜி?)

தோல் ஊரில் ஒரு எச்சரிக்கை

இது வேறு ஊர் கட்டுரைகளில் வராது, நமக்கு ரொம்ப முக்கியம். தோல் துண்டு, ஷேவிங் தூள், ஷூ சோலில் வெட்டின ரப்பர், பசை ஒட்டிய அட்டை எதையும் அடுப்பில் போடாதீர்கள், பற்றவைப்பதற்குக்கூட! உலகில் பெரும்பாலான தோல் குரோமியம் உப்பில்தான் பதனிடப்படுகிறது. தோலில் இருக்கும்போது அது பெரும்பாலும் மூன்று இணைதிற குரோமியம், ஆபத்து குறைவு. அதையே காற்றில் எரித்தால் ஒரு பகுதி ஆறு இணைதிற குரோமியமாக மாறலாம். அது புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். புகையில் கொஞ்சம் போகும், மிச்சம் சாம்பலில் நிற்கும். அந்தச் சாம்பலில்தான் பாத்திரம் தேய்க்கிறோம், முருங்கை அடியில் கொட்டுகிறோம். மரத்தூள் வாங்கும்போதும் அது மர அறுவை மில்லில் இருந்து வந்ததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் இருந்து வரும் பேக்கிங் மரக்கட்டைகளும் சில சமயம் விறகாகக் கிடைக்கும். அதில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். ஆங்கிலத்தில் 'ஹெச்டி' என்று இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, எரிக்கலாம். 'எம்பி' என்றால் மெத்தில் புரோமைடு வாயு அடித்தது, வேண்டாம். பெயின்ட் அடித்தது, பிளைவுட் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

நல்ல அடுப்பு வாங்கினா மட்டும் போதுமா?

போதாது. இந்தப் பாடத்தை இந்தியா ஏற்கெனவே படித்துவிட்டது. 1950-களிலேயே ஐதராபாத்தில் எஸ்.பி.ராஜு புகையில்லா அடுப்பு வடிவமைத்தார். 1980-களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 'அஸ்த்ரா ஒலெ' கொண்டுவந்தது (ஒலெ என்றால் கன்னடத்தில் அடுப்பு). அதே காலத்தில் மத்திய அரசு தேசிய அடுப்புத் திட்டம் தொடங்கி, 2002-ல் அதை முடிக்கும்போது கோடிக்கணக்கான அடுப்புகள் கொடுத்தாகிவிட்டது. இன்று அவை எங்கே?

பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எஸ்தர் டஃப்லோவும் சக ஆய்வாளர்களும் ஒடிசாவில் புகைபோக்கி வைத்த மண் அடுப்புகளை நாலு வருஷம் வரை பின்தொடர்ந்தார்கள். முதல் வருஷம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அப்புறம் அந்த வித்தியாசமே காணாமல் போச்சு. அடுப்பு விரிசல் விட்டது, சரிசெய்யவில்லை, புகைபோக்கியைச் சுத்தம் செய்யவில்லை, பயன்படுத்துவதே குறைந்தது. நுரையீரலிலும் மாற்றம் இல்லை, விறகுச் செலவும் குறையவில்லை.

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி வீட்டுக்குள் வரும் அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அதனால் ஓப்பனாகச் சொல்லிவிடுகிறேன்: எவ்வளவு நல்ல விறகு அடுப்பும் காஸ், இண்டக்‌ஷன் அளவுக்குச் சுத்தம் கிடையாது. வீட்டுக்குள் சமையலுக்கு விறகு வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமா இருப்பவர்கள் உள்ள வீட்டில் கண்டிப்பாக வேண்டாம். வெந்நீருக்கு, வீட்டுக்கு வெளியே, கூரை மட்டும் உள்ள திறந்த இடத்தில் என்றால் சரி. பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக வைத்துவிட்டு 'எங்க வீட்டுல புகையே இல்லை' என்று சொல்லக் கூடாது!

குளிருக்காகத் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குவது தற்கொலைக்குச் சமம். புகையே இல்லாத கங்கில் இருந்துதான் வாசனையில்லாத கார்பன் மோனாக்ஸைடு வரும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். ஏலகிரி ட்ரிப்பிலும் அதே விதிதான்.

கரன்ட்டில் காய்ச்சினால் என்ன? அதே ஒரு வாளிக்கு 0.35 யூனிட். நாலு வாளிக்கு நாளைக்கு 1.4, இரண்டு மாசத்துக்கு 84 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை வெந்நீரே குடித்துவிடும், ஃபேனும் ஃபிரிட்ஜும் அதற்கு மேல் போகும். ஆனாலும் குளிர் நம்ம ஊரில் மூணு மாசம்தானே? அம்மா காலையில் அடுப்படியில் இருமுவதைக் கேட்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

வாங்கும்போது...

பி.ஐ.எஸ் தரக் குறியீடு ஐ.எஸ் 13152 இருக்கிறதா பாருங்கள். ஃபேன் இல்லாத அடுப்புக்குக் குறைந்தது 25 சதவிகிதம், ஃபேன் அடுப்புக்கு 35 சதவிகிதம் திறன் இருக்க வேண்டும் என்கிறது அது. உள்ளே எரியும் அறை மெல்லிய தகரமாக இருந்தால் சீக்கிரம் ஓட்டை விழும். தடிமனான ஸ்டீலோ சுட்ட மண்ணோ நல்லது. உங்கள் வெந்நீர் அண்டா அதன் மேல் ஆடாமல் உட்காருமா? கொதிக்கும் 20 லிட்டர் சாய்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முடிந்தால் கடையிலேயே பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷத்துக்குப் பிறகும் புகை வந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

விறகை எடை போட்டு வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர்தான். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். 'டங்' என்று கணீரென்று கேட்டால் காய்ந்தது. 'தொப்' என்றால் ஈரம். நுனியில் வெடிப்பும் இருக்காது. அதை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மேலே மட்டும் ஷீட் போட்டு பக்கமெல்லாம் காற்றோட்டமாக விட்டு அடுக்கிவையுங்கள். கோடையில் வாங்கி அடுக்கினால் மார்கழிக்குத் தயாராக இருக்கும். வெயிலூர் வெயில் அதுக்காவது உதவட்டுமே!